முழங்காலுக்குச் சாப்பாடு, பயிற்சி, காவடி: மொரீஷியஸ் வீடுகளுக்கு ஒத்துவரும் கவனிப்பு

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நடையைக் குறைத்துவிடுவோம். சமையலறையில் மருந்து தேடத் தொடங்கிவிடுவோம். ஆட்டுக்கால் சூப், மஞ்சள் பால், இஞ்சித் தண்ணீர், இந்தியா போய்வந்த சொந்தக்காரர் கொடுத்த சூரணப் பொட்டலம் என்று அந்தத் தேடல் நீண்டுகொண்டே போகும். நடையைக் குறைப்பது முழங்காலைக் கெடுக்கிறது. மருந்து தேடுவது மாதங்களை வீணாக்குகிறது. மூட்டுத் தேய்மானத்தில் உணவு முக்கியமாக உதவுவது இரண்டு வழிகளில்தான்: உடல் எடையைக் குறைப்பது, தொடைத் தசைக்குத் தேவையானதைக் கொடுப்பது. அது தெரிந்துவிட்டால் எதைச் சமைப்பது, எதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது என்பதில் குழப்பம் இருக்காது.

முதலில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. நடக்கும்போது அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவதால் அந்த நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆகவே காலை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு மிச்சமாகும் என்று நினைப்பது தவறு. தொடையின் முன்பக்கத் தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு அடியின் அதிர்வையும் மூட்டே தாங்க வேண்டியிருக்கும். வலி கூடும், நடை இன்னும் குறையும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மனம் உடைந்துபோக வேண்டாம். படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு, படம் சுமாராக இருந்தும் வலியில் துடிப்பவர்கள் உண்டு. வலி, வீக்கம் இல்லாமல் முட்டியில் சத்தம் மட்டும் வந்தால் அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

எடைக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் அளந்து சொன்ன கணக்கு இது: உடலில் 1 கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 20 கிலோ மிச்சம். ஒரு நாளில் சில ஆயிரம் அடிகள் நடக்கிறோம் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும். 2013-இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில், உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 454 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். அவர்களுக்கு வலி ஏறத்தாழ பாதியானது. உணவு மட்டும், பயிற்சி மட்டும் என்று செய்தவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. இரண்டும் சேர வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதனால்தான்.

பத்தில் ஒரு பங்கு என்றால் 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைக்க வேண்டும். மாதம் 1 கிலோ என்று வைத்துக்கொண்டால் எட்டு மாதம். அதற்கு நாளுக்குச் சுமார் 250 கலோரி குறைந்தால் போதும். பட்டினி தேவையில்லை. எங்கிருந்து குறைப்பது? நம் ஊரில் பெரும்பாலும் மூன்று இடங்கள். ஒன்று குளிர்பானம்: அரை லிட்டர் பாட்டிலில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை, 200 கலோரிக்குக் குறையாது. அடுத்தது டீ: நாளுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 140 கலோரி அளவுக்கு வருகிறது. மூன்றாவது எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. ருகாய் என்ற தக்காளிக் குழம்பைத் தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற கை எத்தனை கரண்டி ஊற்றுகிறது என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். நான்கு பேருக்கான கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். வெங்காயம் அடிப்பிடிக்கிறதே என்றால் ஒரு கை தண்ணீர் தெளித்து வதக்கலாம், ருசி குறையாது.

பருப்பு வைத்த ரொட்டியான டோல்பூரியை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். இந்தத் தீவில் வாழ்ந்துகொண்டு அப்படிச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு ஜோடி வாங்கினால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவே நொறுக்குத் தீனியாக அதைச் சாப்பிடுவதும், கூடவே கத்தோ பிமா என்ற பருப்பு வடை நாலைந்தும் அலூடா என்ற இனிப்புப் பால் பானமும் சேர்வதும்தான் எடையை ஏற்றுகின்றன. பொரித்ததை வாரத்துக்கு இரண்டு முறை என்று நாள் குறித்துக்கொண்டால் எடை குறைவது நிற்காது. வார நாட்களில் ஒழுங்காக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் குடும்பச் சாப்பாட்டிலும் கல்யாண வீட்டிலும் ஐந்து நாள் மிச்சத்தை ஒரே வேளையில் தீர்த்துவிடுகிறவர்கள் நிறைய. வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் ஒரு கிண்ணம் கீரை ரசமோ தயிரோ சாப்பிட்டுப் போனால் இலையில் சோறு கேட்டு வாங்கும் அளவு தானாகக் குறையும். ஏழு கறி பரிமாறும் இடத்தில் கறிகளைத் தாராளமாகவும் சோற்றைக் குறைவாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது புரதம். அறுபது தாண்டியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 65 கிலோ உள்ள அம்மாவுக்கு 65 முதல் 78 கிராம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. காலையில் ரொட்டியும் வெண்ணெயும் டீயும், மதியம் சோறும் கொஞ்சம் கறியும், இரவு மறுபடி ரொட்டி. இப்படிச் சாப்பிட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் தசை எதைக் கொண்டு வளரும்? இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7. சமைக்காத பருப்பு 50 கிராமில் 12 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் மீனிலோ ஒரு சின்ன டின் மத்தியிலோ 20 கிராம் அளவுக்கு இருக்கும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 கிராம். காலையில் முட்டையும் பாலும், மதியம் கெட்டிப் பருப்பும் மீனும், இரவில் இரண்டு கோதுமை ஃபராத்தாவோடு கடலைக் கறியும் தயிரும் என்று வைத்தால் 70 கிராம் தாண்டிவிடும். மூன்று வேளையிலும் பிரித்துச் சாப்பிட வேண்டும். மொத்தப் புரதத்தையும் மதியமே முடித்துவிட்டு மற்ற இரு வேளையும் மாவுச்சத்தில் ஓட்டுவது வயதான தசைக்குச் சரிவராது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புரதத்தைக் கூட்டுவது நல்லது.

பருப்பு, கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் வாயு, மூட்டில் இறங்கிவிடும் என்று சொல்லி மூட்டுவலிக்காரருக்குப் பருப்பை நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. பருப்பு வயிற்றில் வாயுவை உண்டாக்கும், உண்மைதான். அந்த வாயு முட்டிக்குப் போவதில்லை. பருப்பை நிறுத்தியதால் போவது தசைக்கு வேண்டிய புரதம்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பு. வயிறு உப்புசம் தாங்கவில்லை என்றால் இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய வேகவைத்து, பெருங்காயமும் சீரகமும் சேர்த்துச் சிறிய அளவில் தொடங்குங்கள். புரட்டாசி விரதத்திலும் தைப்பூச விரதத்திலும் முட்டை, மீன் எல்லாம் நின்றுவிடும்போது சந்தையில் கிடைக்கும் டோஃபு 100 கிராம், அல்லது உலர்ந்த சோயா உருண்டை 30 கிராம், அதோடு இரண்டு கிண்ணம் தயிர் என்று மாற்று ஏற்பாடு வேண்டும்.

முருங்கைக்கீரை வீட்டு வேலியோரம் கிடைக்கிற ஊர் இது. கீரைச் சாறு தினமும் வையுங்கள். எடைக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லது. குருத்தெலும்பை அது வளர்க்காது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படியே. அதில் உள்ள கொலாஜன் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடுகிறது, முட்டிக்கு நேராகப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் குடித்தால் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். கறியில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவான மஞ்சள் மாத்திரை வேறு விஷயம். அது சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. குளுக்கோசமின் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். 2006-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சூரணப் பொட்டலத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும்: பெயரில்லாத பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். படுக்கையில் காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 வினாடி பிடித்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. அடுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு மற்றதை நேராக ஓர் அடி உயரம் தூக்கி 5 வினாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். இவை இரண்டையும் தினமும் செய்யலாம், மிகவும் வலி உள்ளவரும் செய்யலாம்.

இரண்டு வாரம் கழித்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது, தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். கைப்பிடி இல்லாத, 45 செ.மீ. உயரமுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அந்த உயரத்திலிருந்து எழ முடியாவிட்டால் கெட்டியான மெத்தையைப் போட்டு 55 வரை உயர்த்திக்கொள்ளுங்கள். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருக்க வேண்டும். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதி வழியில் பொத்தென்று விழுகிறார்கள். தசை வேலை செய்ய வேண்டிய இடமே அந்த இறக்கம்தான். முட்டிகள் இரண்டும் உள்பக்கம் மடிந்து ஒன்றோடொன்று இடித்தால், இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லை என்று பொருள். அதற்கு ஒருக்களித்துப் படுத்து மேல்காலைச் சற்றுப் பின்வாக்கில் தூக்கி இறக்கும் பயிற்சி, பக்கத்துக்கு 10 முறை. எழுந்து உட்காருவது 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8, மறுபடி 8. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை. சோறு வேகிற நேரத்தில் முடித்துவிடலாம்.

எவ்வளவு வலி சரி? வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பிட்டால் ஐந்துவரை வந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தொடையில் வரும் வலி தசை வேலை செய்ததன் அடையாளம். முட்டி வீங்கினால்தான் அளவு மீறியிருக்கிறோம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து எண்ணினால் அந்த மூன்றாவது வாரத்தைத் தாண்டிவிடலாம். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி இலவசம். பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் தப்பாகச் செய்வதைத் தவிர்க்கலாம்.

நடக்கவே முடியாத அளவு வலிப்பவர்களுக்கு இந்தத் தீவு கொடுத்திருக்கும் பெரிய வசதி பவளத்திட்டுக்கு உள்ளே அமைதியாகக் கிடக்கும் கடல். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலோ மோன் ஷுவாசியிலோ இடுப்பளவு நீரில் நின்றால் கால்மேல் விழுவது உடல் எடையில் சுமார் பாதிதான். அந்த ஆழத்தில் கரைக்கு இணையாகப் பத்து நிமிடம் முன்னோக்கியும், ஐந்து நிமிடம் பக்கவாட்டிலும் நடங்கள். துணைக்கு ஒருவர் கண்டிப்பாக வேண்டும். ரப்பர் அடி உள்ள கடல் காலணி போட்டுக்கொள்ளாமல் இறங்காதீர்கள். கடல் முள்ளெலியும் கல்மீனும் உள்ள கடல் இது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குக் குத்தியதுகூடத் தெரியாது. கரையில் காய்ந்த மணலில் நடப்பது முட்டிக்கு நல்லதென்று சிலர் சொல்வார்கள். பாதம் புதைந்து திருகுவதால் வலியுள்ள முட்டிக்கு அது கடினம். ஈரமான கெட்டி மணலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஆகவே போன தூரம் அதே வழியில் திரும்பி வாருங்கள், சரிவு இரண்டு காலுக்கும் சமமாகப் பங்காகும்.

கியூர்பீப் மேட்டுநிலத்தில் ஜூன், ஜூலைக் குளிரில் காலை விறைப்பு கூடும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்துவிட்டுப் படுக்கையிலேயே காலை இருபது முறை மடக்கி நீட்டினால் எழுந்து நடப்பது எளிது. வீங்கிச் சூடாக இருக்கும் முட்டிக்கு மட்டும் சூடு வேண்டாம், துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரமே தடியின் உயரம். பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். முதியவர்களுக்கு பஸ் இலவசம் என்பதால் இந்தப் படிகளை வாரத்தில் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இறங்குவதற்கு முன் கம்பியைப் பிடித்துவிட்டுக் காலை வையுங்கள்.

காவடி எடுக்கப் போகிறவர்கள் முழங்காலைத் தயார்செய்யத் தொடங்க வேண்டியது நவம்பரில். விரதம் பத்து நாள்தான், தசை பத்து நாளில் வளராது. காட்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படியேற வேண்டும். செயற்கை மூட்டுக்குள் பாரத்தை அளக்கும் கருவியைப் பொருத்தி எடுத்த கணக்கின்படி, சமதரையில் நடக்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையின் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படியேறும்போது மூன்று மடங்கைத் தாண்டும், இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. 70 கிலோ உள்ளவர் இறங்கும் ஒவ்வொரு படியிலும் 240 கிலோ அளவுக்குத் தாங்குகிறார். அதனால்தான் ஏற்றத்தில் பக்தியோடு போனவர் இறக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நவம்பரில் நாற்காலிப் பயிற்சி, டிசம்பரில் 10 செ.மீ. உயரப் பலகையில் ஏறி இறங்கிப் பிறகு 15 செ.மீ.க்கு உயர்த்துவது, ஜனவரியில் வீட்டு மாடிப்படி. இறங்கும் காலை மெல்ல வைப்பதைத்தான் அதிகம் பழக வேண்டும். முட்டிவலி உள்ளவர் பெரிய காவடிக்குப் பதில் பால்குடம் எடுக்கலாம். நேர்த்திக்கடனைப் பற்றிக் குருக்களிடம் முன்கூட்டியே பேசினால் வழி சொல்வார். தைப்பூசம் இங்கே உச்சக் கோடையில் வருகிறது, தார்ச்சாலை கொதிக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரர் வெறுங்காலில் நடப்பதற்கு முன் பாதத்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். விரதத்தில் இன்சுலினையும் சர்க்கரை மாத்திரையையும் எப்படி மாற்றுவது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், வியர்த்து நீர் வற்றிய உடம்பில், இபுபுரோஃபென், டிக்ளோஃபெனாக் மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மற்ற நாட்களிலும் மாத்திரைக்கு முன் டிக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பாருங்கள். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் மூன்று, நான்கு முறை, இரண்டு வாரம் தொடர்ந்து தடவினால்தான் பலனை எடைபோட முடியும். வலித்த அன்று மட்டும் தடவிவிட்டு உதவவில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைக் குறைக்கும், நீரிழிவுக்காரருக்குச் சில நாள் சர்க்கரையை ஏற்றும். அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் ஊசிக்குப் பொருள் உண்டு. வலி தெரியாமல் மலையேறுவதற்காக அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முட்டி ஓரிரு நாளில் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது மூட்டுக்குள் சீழ் பிடிப்பதாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமல் வந்தால் யூரிக் அமிலத்தால் வரும் கௌட் ஆக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மடங்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். எடையும் குறைத்து, ஆறு மாதம் பயிற்சியும் செய்து, இரவில் தூக்கம் கெடுகிற அளவுக்கும் கடைக்குப் போய்வர முடியாத அளவுக்கும் வலி இருந்தால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. மாற்றிய முழுமூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், தொடைத் தசை பலமாக இருக்க வேண்டும். முன்னால் செய்த நாற்காலிப் பயிற்சி அங்கும் கைகொடுக்கும், அறுவை முடிந்த சில நாளில் பிசியோதெரபிஸ்ட் மறுபடி தொடங்கச் சொல்வதும் அதே பயிற்சிகளைத்தான்.